கடலைச் சுண்டலில் ஒரு சந்தேகம்

கோழியும் ஆட்டிறைச்சியும் இனி வேண்டாம், புரதத்துக்குக் கடலையும் பயறும் சோயாவும் போதும் என்று நான் அறிவித்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் என் முதல் சந்தேகம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் துறைமுக வீதி மருந்துக்கடைத் தராசில் ஏறி நின்றேன். மூன்று கிழமையாகியும் நிறை குறையவில்லை. பயறு வென்றுவிட்டது என்று கூட்டாளிமாருக்கு வகுப்பே எடுத்தேன். ஆனால் வீட்டுச் சுண்டலில் ஏதோ ஒரு ருசி இருந்தது. கடற்கரை வண்டிலில் வாங்கித் தின்று பார்த்தேன். அந்த ருசி அதில் இல்லை.

அம்மா கிணற்றடிக்குப் போன நேரம் குசினி அலுமாரியைத் துழாவினேன். மல்லித்தூளுக்குப் பின்னால் இன்னொரு போத்தல் இருந்தது. திறந்தால், வறுத்து இடித்த கூனி இறால்.

"என்னடா தேடுறாய்?" அம்மா வாசலில் நின்றார்.

"இதைச் சுண்டலுக்குள்ள போட்டனீங்களோ?"

"ஓம். சோயாக் கறிக்குள்ளயும்தான்."

"நான் இறைச்சி வேண்டாமெண்டு சொன்னனானெல்லோ!"

"கூனி எப்பயடா இறைச்சியானது? உன்ரை கடலையை மட்டும் நம்பிப் பிள்ளையைக் காய விட ஏலாது."

கோபம் வந்தது. பயறு மட்டும் போதுமா என்பது எனக்கு இன்னும் தெரியாது. கூனி போடாமல் ஒரு மாதம் சமைத்துத் தரச் சொன்னேன்.

"சரி" என்றார் அம்மா, உடனேயே. இப்போது ஒவ்வொரு சுண்டலையும் முகர்ந்துவிட்டுத்தான் தின்கிறேன்.