பூப்படம் போட்ட அறையில் தண்ணீர்

அம்மா அன்று முதலில் கேட்டது, எத்தனை மணிக்கு வந்தாய் என்றுதான். ஆறு மணிக்கு என்றாள் துணி துவைக்க வரும் துணியக்கா. வந்ததை யாராவது பார்த்தார்களா என்று அம்மா கேட்டாள். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள், பின்கதவுச் சாவிதான் என்னிடம் இருக்கிறதே என்று பதில் வந்தது. அம்மா வாஷிங் மெஷினின் சோப்பு டிராயரை வெளியே இழுத்தாள். அதில் மூன்று அறைகள். பூப்படம் போட்ட அறை, துணிக்கு மென்மையும் வாசனையும் தரும் சாஃப்ட்னருக்கு. அந்த நீலத் திரவத்தை முந்தின மாலையே கோடு வரை ஊற்றிவைப்பது அம்மாவின் வழக்கம். பாட்டிலை அலமாரியில் பூட்டிவிடுவாள். இப்போது அந்த அறையின் அடியில் விரல் நனையும் அளவுக்கு வெறும் தண்ணீர் கிடந்தது.

"இதுல இருந்தது எங்க?"

"தெரியலையே மேடம். நான் இன்னும் மெஷினையே போடல."

"போடாமலே தீந்துபோச்சாக்கும்."

துணியக்கா டிராயரைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"நான் எடுக்கல மேடம்."

அதற்காகவே காத்திருந்ததுபோல அம்மா சிரித்தாள். "எடுத்தேன்னு நான் சொன்னேனா? எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதையா இல்ல இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. துணியக்கா டிராயரை உள்ளே தள்ளிவிட்டு அழுக்குக் கூடையைக் கவிழ்த்தாள். வாயில் பிரஷ்ஷோடு நான் கதவருகே நின்றிருந்தேன்.

துணியக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். எங்கள் கட்டடத்தில் ஐந்து வீடுகளின் துணி அவள் கையில் இருந்தது. மெஷின் இருக்கும்போது ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் துணி துவைத்ததில்லை. காலரை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், சாயம் போவதைப் பிரிக்க வேண்டும், பைகளைத் துழாவ வேண்டும். துழாவுவதில் அவளுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கிடைத்ததையெல்லாம் ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்துவிடுவாள். மூன்றாம் மாடி டாக்டரின் சட்டைப் பையில் இரண்டு சினிமா டிக்கெட் கிடைத்தபோது மட்டும் திட்டில் வைக்கவில்லை. டாக்டர் தனியாக லிஃப்டில் வரும்வரை இரண்டு நாள் காத்திருந்து அவர் கையிலேயே கொடுத்தாள். இதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. டாக்டரே பிற்பாடு யாரிடமோ சொல்லிச் சிரித்தாராம்.

துணியக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவன் எங்கோ இருந்தான். எங்கே என்று கேட்டால், "இருக்கார்" என்பாள். ஒரு மகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மெஷின் சுற்றும்போது துணியக்கா உட்காரமாட்டாள். அதன்மேல் உள்ளங்கையை வைத்து நிற்பாள். துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால் மெஷின் குதிக்கத் தொடங்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அன்றிலிருந்து மூன்று வாரம், வாரத்தில் நான்கு நாளாவது அந்த அறை காலியாக இருந்தது. அம்மா ஆறு மணிக்கே எழத் தொடங்கினாள். துணியக்கா போகும்போது பையை மேசைமேல் கொட்டிக் காட்ட வேண்டும். அதில் ஒரு சீப்பு, ஒரு டப்பா, மகளின் இருமல் மருந்து. மருந்துப் புட்டியின் மூடியைத் திறந்து அம்மா மோந்து பார்த்தாள்.

பையில் ஒன்றும் கிடைக்காததால் சந்தேகம் தீரவில்லை, வளர்ந்தது. "கழுவுற மீன்ல நழுவுற மீன்" என்று துணியக்காவின் காதுபடவே அம்மா சொன்னாள். ஒருநாள், உன் மகளின் பள்ளிச் சட்டையைக் கொண்டுவா என்றாள். துணியக்கா மறுநாள் கொண்டுவந்தாள். நன்றாக மடித்து, செய்தித்தாளில் சுற்றி. அம்மா அதை விரித்து, கழுத்திலும் அக்குளிலும் மூக்கை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"நீ பாரு. உனக்கு மூக்கு கூர்மை."

கட்டிச் சோப்பின் வாசனையும் வெயிலின் வாசனையும்தான் இருந்தன. துணியக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியவில்லை என்றேன். அம்மா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். அந்த வாரமே கட்டடத்தில் விஷயம் பரவியது. டாக்டர் வீட்டில் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இன்னும் இரண்டு வீடுகள், மகன் வெளியூரிலிருந்து வருகிறான், நாங்களே துவைத்துக்கொள்கிறோம் என்று ஏதேதோ சொல்லி நிறுத்தின.

நான்காம் வாரம் மாடித் தொட்டியைக் கழுவினார்கள். மாலையிலிருந்து மறுநாள் மதியம் வரை கட்டடம் முழுக்கத் தண்ணீர் இல்லை. காலையில் டிராயரைத் திறந்தால் நீலத் திரவம் கோடு வரை அப்படியே இருந்தது.

"பாத்தியா, பயம் வந்திடுச்சு" என்றாள் அம்மா.

துணியக்கா மெஷினுக்குப் பின்னால் குனிந்து குழாயைப் பார்த்தாள். குழாய் எப்போதும் திறந்தேதான் இருக்கும். அடுத்த நாள் அவள் அம்மாவிடம் ஒன்று கேட்டாள். இன்று மாலை சாஃப்ட்னர் ஊற்ற வேண்டாம், டிராயரைத் துடைத்து, பூப்படம் போட்ட அறையில் ஒரு துண்டுச் செய்தித்தாளை வைத்து மூடுங்கள், மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், பின்கதவுச் சாவியும் உங்களிடமே இருக்கட்டும். இதில் அவள் எப்படி மாட்டிக்கொள்வாள் என்று பார்க்கும் ஆசையில் அம்மா சம்மதித்தாள்.

காலையில் அம்மாவே கதவைத் திறந்து, அம்மாவே டிராயரை இழுத்தாள். செய்தித்தாள் ஊறிக் கஞ்சிபோலக் குழைந்திருந்தது. எழுத்துகள் பிளாஸ்டிக்கில் ஒட்டியிருந்தன. அன்று மாலை குழாயை மூடிவைத்து அதே சோதனையைச் செய்தார்கள். காகிதம் மொடமொடவென்று இருந்தது.

மெஷின்காரர் வந்து மேல்மூடியைக் கழற்றினார். மின்சாரம் இல்லாமலே, குழாய்த் தண்ணீரை உள்ளே விடும் வால்வு சொட்டுவதைக் காட்டினார். மின்சாரம் வந்தால்தான் வால்வு திறக்க வேண்டும், அது போனால் ரப்பர் தட்டு இறங்கி வழியை அடைக்க வேண்டும். ரப்பருக்கடியில் மணல் சிக்கிக்கொண்டதால் அது முழுதாக இறங்கவில்லை. சொட்டுச் சொட்டாக அந்த அறை நிரம்பும். ஓர் அளவைத் தாண்டினால், உள்ளே இருக்கும் குழல் மொத்தத்தையும் உறிஞ்சிக் கீழே இறக்கிவிடும். திரவமும் அதோடு போய்விடும். மிஞ்சுவது அடியில் கொஞ்சம் தண்ணீர்தான். புது வால்வைப் பொருத்திக்கொண்டே அவர் கேட்டார்.

"காகிதம் வெச்சுப் பாத்தது யாருங்க? எங்க பசங்களே பாதிப் பேர் இதுக்கு மெஷினோட கரண்ட் போர்டையே மாத்திடுவாங்க."

"நான்தான்" என்றாள் அம்மா.

துணியக்கா சொட்டுகிற தண்ணீருக்கு வாளி பிடித்துக்கொண்டு நின்றாள். மெஷின்காரர் அம்மாவை மிகவும் பாராட்டினார். போகும்போது, வாளியைக் கொஞ்சம் நேராகப் பிடித்திருந்தால் தரை நனைந்திருக்காது என்று துணியக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் முதல் வாசனை வீடெங்கும் இருந்தது. துண்டுகள் முயல்போல மெத்தென்று இருந்தன. அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. வால்வு கெட்டது இப்போதுதானே, அதற்கு முன்னால் தீர்ந்ததெல்லாம் எங்கே போனது என்று என்னிடம் கேட்டாள். மற்ற வீடுகளில் உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். அப்படியானால் நான் பொய்க்காரி என்று நானே ஊருக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். வார இறுதியில் துணியக்காவை நிறுத்தினாள். காரணத்தை மறைக்கவில்லை.

"உன் மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் எனக்குத்தான் சங்கடமா இருக்கு. நான் எதுக்கு என் வீட்டிலேயே சங்கடப்படணும்?"

துணியக்கா சாவியைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். பையை வழக்கம்போல மேசையில் கொட்டப் போனாள். வேண்டாம், போ என்றாள் அம்மா.

பத்து நாள் கழித்து நான் வெளியே கிளம்பியபோது, கீழே லிஃப்ட் அருகே அவள் நின்றிருந்தாள். மிச்சமிருந்த கடைசி வீடும் நிறுத்திவிட்டதாம். நான்காம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். ஆனால் அவர்கள் காதிலும் விஷயம் விழுந்திருந்தது. உங்கள் மேடத்தை விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். அம்மாவிடம் நான் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவள் அவசரமாகத் தலையாட்டி மறுத்தாள். லிஃப்ட் இறங்கி வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. கதவு தானாக மூடிக்கொண்டது.

"உங்கம்மாவத் தப்பு சொல்ல வேணாம் பாப்பா. நீ பேசவே வேணாம், உனக்கு அது வராதுன்னு எனக்குத் தெரியும். என்கூட மேல வா. வால்வு கதைய நானே சொல்லிக்கறேன். அவங்க திரும்பி உன்னப் பாப்பாங்க. அப்ப நீ தலையக் குனியாம நின்னா போதும்."