அறுத்த பலகை

டேக்வாண்டோ பழகினால் தன்னம்பிக்கை வரும், கவனம் கூடும், கோபம் குறையும் என்று எங்கள் வகுப்பு நடந்த பென்னாகரம் கல்யாண மண்டபத்து வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். இரண்டு வருடம் போனேன். கோபம் குறையவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் வாங்கச் சான்றிதழ் உதவுமா என்பதைத் தவிர வேறெந்தப் பயனையும் அங்கே எந்தப் பெற்றோரும் விசாரித்து நான் கேட்டதில்லை.

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது: என் உதைக்கு உண்மையிலேயே வலு இருக்கிறதா? அதுவரை காற்றைத்தான் உதைத்திருந்தேன். பச்சை பெல்ட்டிலிருந்து நீல பெல்ட்டுக்குப் போகும் தேர்வில்தான் முதன்முதலாகப் பலகையை உடைக்கச் சொல்வார்கள்.

தேர்வன்று எனக்கு முன்னால் பதினோரு பேர். பதினோரு பலகையும் உடைந்தன. தொப்பை வைத்த வங்கி ஊழியர் ஒருவர் கால் வழுக்கி முழங்காலால்தான் இடித்தார், அதுவும் உடைந்தது. கைதட்டல், செல்போன் வீடியோ. கீழே விழுந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் பாதி ஆழத்துக்கு ரம்பத்தால் அறுத்திருந்தது.

"மாஸ்டர், இது அறுத்த பலகைங்க."

"மெதுவாப் பேசும்மா. எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை வரணுமில்ல?"

"எனக்கு அறுக்காதது ஒண்ணு குடுங்க."

"ஒடையலைன்னா?"

"ஒடையலைன்னு தெரிஞ்சுக்கறேங்க."

முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு முழுப் பலகையை எடுத்துப் பிடித்தார். உதைத்தேன். பலகை அப்படியே இருந்தது. குதிகாலில் சுரீரென்று வலி. இன்னொரு முறையும் உதைத்தேன். அசையவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "குடுத்ததை ஒதச்சுட்டு வூட்டுக்குப் போறத வுட்டுட்டு, இந்தப் புள்ளைக்கு எதுக்குங்க இந்த வேலை?"

மாஸ்டர் என் படிவத்தில் பாஸ் போடப் போனார்.

"ஃபெயில்னு போடுங்க மாஸ்டர்."

"அதுக்கு இதுல எடமே இல்லம்மா."

அவர் சொன்னது பொய்யில்லை. அச்சடித்த படிவத்தில் பாஸ், நன்று, மிக நன்று என்று மூன்றே கட்டங்கள். கொஞ்சம் யோசித்து, ஓரத்தில் 'ஆப்சென்ட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கால் வீங்கி அவர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் பச்சை பெல்ட்டோடே போனேன். மேல் பெல்ட்டுக்குக் குனிந்து வணக்கம் வைப்பது விதி; பதினோரு பேருக்கும் வைத்தேன். தங்கள் உதை எதை உடைக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. என் உதை எதையும் உடைக்காது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் நான் கண்ட பயன் அதுதான். கடைசி வரிசைக்குப் போய், உதையின் முதல் பாடமான இடுப்பைத் திருப்புவதிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.