மூன்று நாள் வெளியூர் போன தோடு

புதுச்சத்திரத்து அத்தாயி அழுதால் தெருவே நின்று கேட்கும். கோழி காணாமல் போனாலும் அழுவாள். திரும்பி வந்தாலும் அழுவாள். அப்படிப்பட்டவள், அவளுடைய வைரத்தோட்டை விற்றுக் கிணற்றுக்கு ஆயில் இஞ்சின் வாங்கப்போவதாகக் கணவன் ராசப்பன் சொன்ன அன்று மட்டும் வாயே திறக்கவில்லை. நெஞ்சு வெடிக்கிறபோது கண்ணீருக்கு வழி தெரியுமா? பதினாலு வருஷத்துக்கு முன், கல்யாணத்தன்று அவள் அப்பன் தன் கையால் கொடுத்த தோடு அது. மறு வருஷமே அவர் கண்ணை மூடிவிட்டார்.

கல்லை மதிக்கச் சேலத்திலிருந்து வைரத் தரகர் கந்தப்பன் வந்தார். தோட்டை வாயருகே வைத்து ஊதினார். படிந்த ஆவி பட்டென்று மறைந்தது. வைரம்தான் என்றார். கண்ணாடிக்கல்லாக இருந்துவிடாதா என்று ஏங்கிய அத்தாயிக்கு மனசு விட்டுப்போயிற்று. பிறகு அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். புதிதாகக் கடையில் வாங்கினால் ஐந்நூறு ரூபாய் ஆகுமாம். ஆனால் வெட்டு பழசு, நிறத்தில் மஞ்சள் தட்டுகிறது, இடது தோட்டில் ஒரு கல்லில் எள்ளளவு புள்ளி. விற்கப்போனால் முந்நூறுக்கு மேல் தேறாதாம். விற்கவே கூடாதென்று வேண்டிக்கொண்டிருந்தவளுக்கு, இருநூறு குறைத்துச் சொன்னதில் ரத்தம் கொதித்தது.

சேந்தமங்கலத்துச் சின்னண்ணன் வாங்க முன்வந்தார். வைரம் எல்லாருக்கும் ஒத்துவராது. அதனால் மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் பணம் கொடுப்பது வழக்கம். நடுவில் ஏதாவது கெடுதல் நேர்ந்தால் கல் திரும்பி வந்துவிடும்.

தோடு சேந்தமங்கலம் போன அன்றே அத்தாயி காதுத் துளைகளில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு மாரியம்மன் முன்னால் போய் நின்றாள். சின்னண்ணன் உயிருக்கு ஒன்றும் வேண்டாம், மாடு கன்றுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்குக் காய்ச்சல்கூட வேண்டாம். அவருக்குக் கடைவாயில் ஒரு பல்வலி வந்தால் போதும் என்று உருகி உருகிக் கேட்டாள்.

நாலாம் நாள் சின்னண்ணன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, பணத்தோடும் கந்தப்பனோடும் வந்து இறங்கினார். அத்தாயி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, கல்லாங்க இது?" என்றார் சின்னண்ணன். "மொத நாளே எருமை கெடேரி போட்டுச்சு. மறுநாளு பேச்சுவார்த்தையில்லாத பங்காளி தானா ஊட்டுக்கு வந்தான். நேத்து பொண்ணுக்குச் சம்பந்தமே முடிஞ்சுபோச்சுங்க."

வாங்க வந்தவன் சரக்கைப் புகழலாமா? கந்தப்பன் அவர் காலை மிதித்துப் பார்த்தார். மனிதர் காலை நகர்த்தி வைத்துக்கொண்டு, எருமைக்கன்றின் நெற்றிச் சுழியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

ராசப்பன் பணத்தைத் தொடவில்லை. "இத்தனை ராசியான கல்லை நான் எதுக்குங்க குடுக்கோணும்?"

கந்தப்பனுக்குப் பொறுக்கவில்லை. "பதினாலு வருசமா உங்க ஊட்டுலதான கெடந்துச்சு. என்ன குடுத்துச்சு, சொல்லுங்க பாப்போம்."

ராசப்பன் யோசித்தான். வற்றிய கிணறும் கருகிய சோளமும் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை போலும். கை மெல்லப் பணத்தின் பக்கம் நகர்ந்தது. அத்தாயி வெளியே வந்தாள்.

"அந்தத் தோட்டோட இந்த ஊட்டுக்கு வந்தவ நானுங்க. வந்தது நல்லதா கெட்டதான்னு அவரே சொல்லட்டும்."

இரண்டு ஆண்களுக்கு முன்னால் ஒரு கணவன் வேறு என்ன சொல்ல முடியும்?

"நல்லதுதான்" என்றான் ராசப்பன். சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். இன்னொரு முறையும் சொன்னான். இந்த முறை யாருக்காகவும் சொல்லவில்லை.

சின்னண்ணன் ஐம்பது ஏற்றினார், நூறு ஏற்றினார், கடைசியில் மடியிலிருந்து தோட்டை எடுத்து வைத்தார். கந்தப்பன் பூதக்கண்ணாடியைப் பையில் போட்டு முடிச்சிட்டார்.

அவர்கள் போன பிறகு ராசப்பன் தானே அவள் காதில் தோட்டை மாட்டினான். மண்வெட்டி பிடித்த விரல்கள். திருகாணியைத் தப்புத் திசையில் திருகிக்கொண்டிருந்தான். அத்தாயி சொல்லவில்லை. அசையாமல் நின்றாள்.