அம்மா பக்கத்து ஸ்பீக்கர்

என் மகள் பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காது சோதித்தார்கள். சின்னக் கருவி ஒன்றைக் காதில் பொருத்திக்கொண்டே நர்ஸ், "உங்க குடும்பத்துல யாருக்காச்சும் காது கேக்கறதுல பிரச்சினை உண்டுங்களா?" என்று கேட்டார். இல்லை என்று நான் சொல்வதற்குள், ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "எனக்கு இருக்குதுங்க சிஸ்டர். வலது காது. இவ தம்பி பொறந்ததுல இருந்து" என்றாள். மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். அவளோடு இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தவள் நான்.

குழந்தைக்குக் காது நன்றாகவே கேட்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அவள் பின்னால் நின்று அவ்வப்போது ஒரு கரண்டியைக் கீழே போட்டுப் பார்க்கிறேன். அவள் திரும்பினால் நிம்மதி. திரும்பாவிட்டால், விளையாட்டு மும்முரத்தில் கவனிக்கவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கரண்டி. வீட்டுக்காரர் இதற்குச் சிரிக்கிறார். போன வாரம் அவர் எங்கள் சின்னக் காரில் கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த ஸ்பீக்கரை மாற்றவேண்டும் என்று ஆரம்பித்தார். பாட்டு, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறதாம். சேலத்தில் ஒரு கடைக்குப் போனோம். ஸ்பீக்கர் எந்த இடத்தில் வரும், குழந்தையின் சீட்டுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு சத்தம் வரை வைக்கலாம் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைக்காரர் முதலில் எனக்குப் பதில் சொன்னார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். அங்கே வரிசையாகக் கழற்றி வைத்திருந்த பழைய ஸ்பீக்கர்களைப் பார்த்தபோதுதான் அப்பாவின் கார் ஞாபகம் வந்தது.

நாங்கள் அப்போது நாமக்கல்லுக்கு வெளியே குடியிருந்தோம். அப்பாவுக்குக் கோழித்தீவனக் கம்பெனியில் வேலை. அம்மா ஒரு சின்னத் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அந்த வேலை, மல்லசமுத்திரத்தில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, சொல்லிக் கிடைத்தது. பள்ளியின் தாளாளர் அத்தைக்குச் சம்பந்தி முறை. காது கேட்காத டீச்சரை யார் வைத்துக்கொள்வார்கள் என்ற பயம் அம்மாவுக்கு. கருவி வைத்துக்கொள்ளச் சொன்ன டாக்டரிடம் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தவள்தான், திரும்பப் போகவில்லை. வகுப்பில் நாற்காலியில் உட்காரவே மாட்டாள். பெஞ்சு பெஞ்சாக நடந்து, இடது பக்கம் லேசாகச் சாய்ந்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து கேட்பாள். உட்காராமல் பாடம் நடத்தும் டீச்சர் என்று தாளாளரே ஆண்டு விழாவில் பாராட்டினார்.

இதெல்லாம் அம்மா ஆஸ்பத்திரியில் சொன்னது. நான்காம் வகுப்பு படித்த எனக்கு அன்று தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். காரில் அப்பா பேசினால் அம்மா பதில் சொல்வதில்லை.

அப்பாவுக்குப் பெரிய குரல். ஊர் மாரியம்மன் பண்டிகை முடிந்ததும் சாமிக்குச் சாத்திய சேலை, எலுமிச்சம்பழம், வாழைத்தார் எல்லாம் ஏலம் விடுவார்கள். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவுவது எப்போதும் அவர்தான். அப்படிப்பட்டவர் அந்தப் பழைய காரை வாங்கியதிலிருந்து தினமும் அம்மாவைப் பள்ளியில் இறக்கிவிடப் போனார். நானும் தம்பியும் பின்சீட்டில். அப்பா ஓட்டிக்கொண்டே எதையாவது சொல்வார். அம்மா நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டாம் முறை உரக்கச் சொல்வார். "எதுக்குங்க கத்தறீங்க, ரோட்டுல போறவங்க சண்டைன்னு நெனைக்கப் போறாங்க" என்பாள். அதன்பிறகு அப்பா பேசமாட்டார். அவளுடைய கேட்காத காது அப்பா பக்கம் இருந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேருக்கும் ஆகவில்லை, என்றைக்கோ ஒருநாள் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று முடிவு கட்டி, அவள் பெட்டி பரண் மேலேயே இருக்கிறதா என்று தினமும் பார்த்து வைத்தேன். பயப்படுகிற வேலையை நான் அப்போதே ஒழுங்காகச் செய்திருக்கிறேன்.

மாமா, அம்மாவின் தம்பி, திருச்செங்கோடு ரோட்டில் லாரிகளுக்கு ஒயரிங் வேலை செய்துகொண்டிருந்தார். கேபினுக்குள் கலர் லைட், பாட்டு செட், மூன்று சுருதியில் கத்தும் ஹாரன் எல்லாம் அவர் கைவேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பெட்டி நிறையச் சாமான்களோடு வந்து இறங்கினார். காரில் ஏற்கெனவே இருந்த செட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டப்போவதாக அப்பா சொன்னார். நானும் தம்பியும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

மாலை வரை மாமா ஒயர் இழுத்தார். கடைசியில் சுவிட்சைப் போட்டால் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை.

"என்னங்க மச்சான், வண்டியில கரண்டே பத்தலீங்களே" என்றார் மாமா, குற்றம் காருடையது என்பது போல.

"லாரிக்கு ரெண்டு பேட்டரி மாப்ளே. இதுக்கு ஒண்ணுதான். நீ லாரி ஆம்ப்ளிஃபயரக் கொண்டாந்து மாட்டியிருக்கற."

மாமா கொஞ்ச நேரம் காரைச் சுற்றி வந்தார். "அதனால என்னங்க, டிக்கியில இன்னொரு பேட்டரிய வெச்சுட்டாப் போச்சு."

"அப்ப டிக்கியில வெக்கற சாமானத்தை உன்ற தலையில வெச்சு அனுப்பட்டுமா?" என்றாள் அம்மா. மாமா அவளுடைய இடது பக்கம் வந்து நின்றுகொண்டு, "இந்த வாய்க்கெல்லாம் ஒரு பேட்டரியும் தேவையில்லீங்க மச்சான்" என்றார். மாமா எப்போதுமே அம்மாவின் இடது பக்கம்தான் வந்து நிற்பார். இதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். அல்லது இப்போது எழுதுவதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

அடுத்த வாரம் காருக்கான சாமான்களோடு வந்து வேலையை முடித்தார். பாட்டு பிரமாதமாக இருக்கும் என்று நினைத்திருந்தோம். ஆனால் புது ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று. அதுவும் அம்மா பக்கத்துக் கதவின் மேலே, அவள் காதை ஒட்டி. ஸ்டீயரிங் பக்கத்தில், டூரிஸ்ட் வேனில் இருப்பது போல வளைந்த கழுத்துள்ள ஒரு மைக். அதைப் போட்டதும் கார் முழுக்க ஊய் என்று ஒரு கூவல் எழுந்து தம்பி அழுதுவிட்டான். மாமா வலது பக்கத்துப் பழைய ஸ்பீக்கர்களின் ஒயரைக் கழற்றிவிட்டார். மைக்கை அப்பாவின் வாய்க்குக் கிட்டத்தில் வளைத்து வைத்துச் சத்தத்தைக் குறைத்தார். கூவல் நின்றது.

எனக்கு அழுகையாக வந்தது. அப்பாவுக்குப் பின்னால் வலது பக்கம் உட்காருகிறவள் நான். புது செட் வந்த பிறகு என் பக்கம் பாட்டே வரவில்லை. அப்பாவிடம் முறையிட்டேன். "உன்ற பக்கம் ஸ்பீக்கர் போயிருச்சு சாமி, அப்பறம் பாக்கலாம்" என்றார். அப்புறம் என்பது வரவேயில்லை.

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பினோம். அப்பா மைக்கைப் போட்டு, ஏலம் விடுகிற அதே ஆள், ரகசியம் பேசுவது போலச் சொன்னார். "பால்காரர்கிட்ட நாளையில இருந்து அரை லிட்டர் சேத்திச் சொல்லோணும்."

அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். "சொல்லீட்டனுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் நிறுத்தவேயில்லை. தீவனத்தின் விலை, தம்பியின் சொறி, பக்கத்து வீட்டில் கட்டும் மாடி, எல்லாம் மைக்கில். அப்பா விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பரணைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் மல்லசமுத்திரத்தில் அத்தை புது வீடு குடிபுகுந்தார்கள். நாங்கள் எல்லோரும் போனோம். சாப்பாடு முடிந்ததும் அத்தையின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காரில் உட்காரவைத்து மைக்கைப் போட்டுக் காட்டினேன். சத்தம் கேட்டு அத்தை வந்தார்கள். கூடவே வெற்றிலை மென்றபடி தாளாளரும் வந்தார். அப்பாவும் அம்மாவும் பின்னால் வந்து நின்றார்கள்.

"ஏன்டா தம்பி, எலெக்சன்ல கிலெக்சன்ல நிக்கப் போறியா? காருக்குள்ள எதுக்குடா மைக்கு?" என்றார்கள் அத்தை.

அப்பா சிரித்தார். எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை. "எங்கப்பா எங்கம்மாகிட்ட இதுலதானுங்க அத்தை பேசுவாங்க. தெனமும்" என்றேன்.

அத்தைக்குச் சிரிப்பு. "கை நீட்டுனாத் தொடற தூரத்துல உக்காந்திருக்கறவகிட்ட மைக்குல பேசறானாமா. ஏன் அம்முணி, உனக்குக் காதுகீது கேக்கறதில்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். தாளாளரும்தான். ஆனால் சிரித்துவிட்டு அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா புடவைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள். கேள்வி அவளுக்குக் கேட்டுவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அவளுக்கில்லீங்கக்கா, எனக்குத்தான்" என்றார் அப்பா. குரல் கரகரத்தது. "தொண்டையில என்னமோ கோளாறு. சத்தம் போட்டே பேசக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு. வண்டிச் சத்தத்துல நான் பேசறது அவளுக்கு எப்படீங்க கேக்கும்? அதான் மாப்ளகிட்டச் சொல்லி மைக்கு மாட்டுனது."

அத்தையின் சிரிப்பு அப்படியே நின்றது. "ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீயி?" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தாளாளர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, சித்தரத்தையைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். ஆளாளுக்கு ஒரு வைத்தியம். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், பேசாமல்.

திரும்பி வரும்போது காரில் அப்பா மைக்கைத் தொடவில்லை. அம்மாவும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் அவளே கையை நீட்டிச் சுவிட்சைப் போட்டு, மைக்கின் கழுத்தை அப்பா பக்கம் வளைத்து வைத்தாள்.

"பெட்ரோல் போடோணும்" என்றார் அப்பா.

"போடுங்க" என்றாள் அம்மா.

அந்த வருடம் மாரியம்மன் பண்டிகையில் அப்பா ஏலம் விடவில்லை. அத்தையும் தாளாளரும் வந்திருந்தார்கள். தொண்டை கெட்டவர் எப்படிக் கூவுவார்? வேறொருவர் மைக் வைத்துக் கூவினார். அப்பா கூட்டத்தில் கை கட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தரம், ரெண்டு தரம் என்று அவருடைய உதடு மட்டும் அசைந்தது. அம்மா ஓய்வு பெறும்வரை அப்பா ஏலத்துக்கு நிற்கவேயில்லை. அவர் அதற்காக ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று அம்மாவிடம் கேட்டேன். "அவுங்களா? ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றாள்.

ஆனால் சொல்ல வந்தது அதுவல்ல. மல்லசமுத்திரத்திலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, விளக்கு வைக்கிற நேரம். வழியெல்லாம் எனக்கு அப்பாவின் தொண்டை பற்றிய பயம்தான். அம்மா போய்விடுவாள் என்ற பயம் போய், இப்போது அப்பா. யாரையும் கேட்காமல் அடுப்படிக்குப் போய், பரீட்சை எழுதுகிற கவனத்தோடு பாலைக் காய்ச்சினேன். மிளகைப் பொடித்து, மஞ்சளும் பனங்கற்கண்டும் போட்டு, டம்ளரைத் துணியில் பிடித்துக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினேன்.

"குடிங்கப்பா. பேசாதீங்க."

அப்பா டம்ளரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். ஒரே மூச்சில் குடித்து, கற்கண்டு தங்கிய அடி வண்டலையும் விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"தொண்டை எப்படி இருக்குதுங்கப்பா?"

"தேவலாம் சாமி" என்றார், மிகவும் மெல்ல.

தினமும் கொண்டுவந்து கொடுத்தேன். தினமும் குடித்தார். முதல் நாள் மட்டும் அம்மா தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுப்படிப் பக்கம் எழுந்து போனாள். பால் குடித்தது அப்பா, அம்மாவுக்கு ஏன் கண்ணில் தண்ணீர் என்று கொஞ்சம் யோசித்தேன். மிளகு நெடி அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, மறுநாள் ஒரு சிட்டிகை குறைத்தே போட்டேன்.