நீல முக்கோணத்தில் ஒரு பொட்டு

முதலில் ஒரு மன்னிப்பு. எனக்கு எழுத்து நேராக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. மறதி வேறு... போன கிழமை இதே பக்கத்தில் மீன் குழம்பு பற்றி எழுதினேன் – புளியை விட்டுவிட்டேன். ஒரு வாசகி அப்படியே சமைத்துப் பார்த்தாராம். அவருக்குத் தனியாக இன்னொரு மன்னிப்பு.

இந்தக் கிழமை கார். சிரிக்காதீர்கள்.

என் மகள் தர்ஷினிக்குக் கார்ப் பைத்தியம். ஹீத்ரோ விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. மிச்ச நேரமெல்லாம் காருக்கு அடியில். அவளுடைய சிவப்புக் கார் எங்கள் மனோர் பார்க் தெருவுக்குள் திரும்பினால் பக்கத்து வீட்டு ஜன்னலும் அதிரும். எஞ்சினில் டர்போ, பின்னால் சிறகு, டாஷ்போர்டில் நான் ஒட்டிய பிள்ளையார். அதுதான் ரேஸ் கார் என்று கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு ட்ரெய்லரில் இன்னொரு கார் வந்தது. இரண்டு சிநேகிதிகளோடு சேர்ந்து வாங்கியதாம். உள்ளே ஒரேயொரு சீட். கார்ப்பெட் இல்லை, ரேடியோ இல்லை. சுற்றிவர இரும்புக் குழாய்க் கூடு.

"இதுதானம்மா உண்மையான ரேஸ் கார்."

"அப்ப மற்றது?"

"அது நல்லாச் சோடிச்ச கார்."

"இது அதைவிட வேகமோ?"

"எஞ்சின் பவர் பாத்தா அதுக்குத்தான் கூட."

"பிறகென்னத்துக்கு இது? சரி, கோயிலடிக்கு ஓட்டிக்கொண்டு வா. பூசை செய்விப்பம்."

"இதை ரோட்டிலை ஓட்டேலாது அம்மா. நம்பர் பிளேட்டே இல்லை."

நீங்களே சொல்லுங்கள் – கோயிலுக்குப் போகாதது என்ன கார்?

போன ஞாயிறு அவளுடைய முதல் ரேஸ். இதற்கென்று பயிற்சி எடுத்து, லைசென்ஸ் எடுத்து, எத்தனை நாள் காத்திருந்தாள்! வெறும் காரோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. புறப்பட முதல் பிள்ளையாரோடு போய்ப் பார்த்தேன். ஒட்ட ஓரிடமும் இல்லை. ஆனால் வெளியே, முன் கண்ணாடிக்குக் கீழே, சின்னதாய் ஒரு நீல முக்கோண ஸ்டிக்கர். நடுவில் சிவப்பாக மின்னல் மாதிரி ஏதோ கீறியிருந்தது. பார்க்க நெற்றி மாதிரியே இருந்தது.

விடுவேனா? சந்தனத்தைத் தடிப்பாகக் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்து... ஒரு வடிவான பொட்டு.

ரேஸ் மைதானத்தில் ஒவ்வொரு காரையும் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். எங்கள் காரைச் சோதித்தவர் நரைத்த தலை வெள்ளைக்காரர். பெல்ட்டை இழுத்தார், குழாய்களைத் தட்டினார். பிறகு பொட்டைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

அந்த அடையாளம் தெரியாவிட்டால் இந்தக் கார் ஓடாது – அவர் சொன்னது எனக்கே விளங்கியது. தர்ஷினியின் முகம் வெளிறிப்போனது.

"அம்மா... நீங்களோ?"

எனக்குக் கடையில் இங்கிலீஷில் மிச்சக் காசு கேட்கவே வாய் வராது. அன்றைக்கு எப்படி வந்ததோ, முன்னுக்குப் போய், "மீ. ஐ புட்" என்றேன்.

அவர் என்னை ஏசவில்லை. முக்கோணத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு சுவிட்சைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். தர்ஷினி தமிழில் சொன்னாள். கார் மோதினால் உதவிக்கு ஓடி வருபவர் இந்தக் காரை முன்பின் கண்டிருக்க மாட்டார். அந்த மின்னல் அடையாளத்தைக் கண்டதும் சுவிட்சைத் திருப்பிக் கரண்ட்டை நிறுத்திவிட வேண்டும். தேடிக்கொண்டு நிற்க நேரமில்லை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சோடித்த கார் எப்படிப் பறக்கலாம் என்று யோசிக்கிறது. ரேஸ் கார் அதோடு நிற்பதில்லை. மோதினால் யார் ஓடி வருவார், எதைப் பிடித்து நிறுத்துவார், உள்ளே இருக்கிற பிள்ளை எப்படி நடந்து வெளியே வரும் என்பதையெல்லாம் முதலே யோசித்து வைத்திருக்கிறது. நான் பிள்ளையாரிடம் கேட்கப் போனதும் அதைத்தானே?

சேலைத் தலைப்பை நனைத்துத் துடைத்தேன். மஞ்சள் போய், சிவப்புப் போய், மின்னல் பளிச்சென்று தெரிந்தது. அவர் குனிந்து பார்த்தார். பச்சை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார். ஓடலாம்!

தர்ஷினி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து குனிந்தாள்.

"மிச்சச் சந்தனம் இருக்கோ அம்மா? எனக்கு வையுங்கோ. ஹெல்மெட்டுக்குள்ளை ஆரும் செக் பண்ண மாட்டினம்."

கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாள். இறங்கி, தன் காலால் நடந்து வந்து, "அடுத்த முறை பாருங்கோ" என்றாள். பார்க்கத்தான் போகிறேன்.

கார் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இதை ஒருமுறை சரிபார்த்து விடுங்கள். பெல்ட்டில் ஐந்து பட்டியா ஆறு பட்டியா, சுவிட்சை எந்தப் பக்கம் திருப்புவது – எல்லாம் மறந்துபோனேன். பொட்டை மட்டும் சரிபார்க்க வேண்டாம். அதை வைத்தது நான்.