பால் வாளியில் எடுத்த தண்ணீர்

அன்று வீட்டில் இருந்தது நான், என் கணவர், நாத்தனார் மேரி மூவரும்தான். ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் இறப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருக்கிறோம். கப்பி மீன்கள் இருந்த தொட்டியிலேயே ஒரு ஜோடி ராம் மீனும் வளர்த்தேன். விரலளவு மீன், தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் தாங்காது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அவை கல்லில் முட்டை இட்டதிலிருந்து எனக்கு ஒரே பயம்.

“பாத்துப் பாத்து மீனுக்கும் பிரஷர் வர வைக்காதீங்க அண்ணி,” என்று மேரி சிரித்தாள்.

தண்ணீர் மாற்றக் கணவரின் இறப்பர்பால் வாளியை எடுத்தேன். தினமும் தேய்த்துக் கழுவுவதால் வீட்டில் அதுதான் சுத்தமான பாத்திரம். அடியில் கிடந்ததைக் கழுவின தண்ணீர் என்று நினைத்தேன். எனக்குச் சளி பிடித்திருந்ததால் வாசமும் தெரியவில்லை. அதிலேயே தண்ணீர் பிடித்து ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் ராம் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

“பால் உறையாம இருக்க அதுல அமோனியா ஊத்தி வச்சிருந்தேனே, புள்ள,” என்றார் கணவர்.

தண்ணீரை மாற்றியும் பயனில்லை. கப்பிகள் பிழைத்தன. ராம் இரண்டும் செத்தன, முட்டைகளும் வெளுத்துப்போயின.

இப்போது தொட்டிக்கென்று தனி வாளி வைத்திருக்கிறேன். ராம் வாங்கத் துணிவில்லை. செத்த ஜோடிக்கே கடைக்காரருக்கு இன்னும் எண்ணூறு ரூபாய் பாக்கி.