பன்னிரண்டு மீனும் ஓர் ஆமையும்

அப்பா கற்பிட்டிக் கடலில் தொழில் செய்தவர். விடியமுன் போய் மீன் பிடித்துவிட்டு வந்து, மத்தியானத்தில் மீன் வளர்த்தார். முற்றத்தில் தானே கட்டிய சின்னச் சீமெந்துக் குளத்தில் பன்னிரண்டு தங்கமீன்கள், சிலாபத்திலிருந்து வாங்கி வந்தவை.

"கடல்ல பிடிக்கிற மீன் காணாதா உங்களுக்கு?" என்பார் அம்மா.

"அது விக்கிற மீன். இது பாக்கிற மீன்."

பாண் துண்டைப் பிய்த்துப் போடும்போது அந்த மீன்களோடு அவர் கொஞ்சிப் பேசுவதைக் கேட்க வேண்டும். எங்களோடு அப்படி ஒருநாளும் பேசியதில்லை.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, சித்தப்பா தன் வெங்காயத் தோட்டத்து வாய்க்காலில் கிடந்த ஓர் ஆமையை ஹெல்மெட்டுக்குள் வைத்து, மோட்டார் சைக்கிளில் வெறுந்தலையோடு கொண்டு வந்தார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். தலையை நீட்டி என்னைப் பார்த்தது. அந்தக் கணமே அது என்னுடையதாகிவிட்டது.

அப்பா மட்டும் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "ஆமையையும் மீனையும் ஒண்டா விட ஏலாது மகள். அது மீனத் தின்னும்."

நான் அழுதேன். சாப்பிட மறுத்தேன். கடைசியில் அப்பா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். ஒரு மீன் குறைந்தாலும் ஆமை திரும்ப வாய்க்காலுக்குப் போய்விடும்.

ஆமையின் வயிறு நிறைந்திருந்தால் அது மீனை ஏன் நினைக்கப் போகிறது என்பது என் கணக்கு. காலையில் கங்குன் கீரை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சோறு, பின்னேரம் அம்மாவின் போத்தலிலிருந்து எடுத்த கூனி இறால். அப்பாவோ ஒவ்வொரு நாளும் கடலால் வந்ததும் பிளேன்ரீக் கோப்பையோடு குளத்தங்கரையில் குந்தி, விரலை நீட்டி மீன்களை எண்ணுவார். ஏழு நாளும் பன்னிரண்டு.

எட்டாம் நாள் காலை கீரையோடு போனேன். ஆமையின் வாயோரத்தில் சிவப்பாக ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க அதுவும் உள்ளே போய்விட்டது.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கோயிலில் அந்தோனியார் சுரூபம் இருந்தது. காணாமல் போனதைத் திருப்பித் தருகிறவர். மீனைத் திருப்பித் தரச்சொல்லி அவரைச் சிரமப்படுத்த எனக்கு மனமில்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியும். அப்பாவின் எண்ணிக்கையைக் கொஞ்சம் பிசகப் பண்ணினால் போதும் என்று முழந்தாளில் நின்று கேட்டேன்.

அன்று மத்தியானம் அப்பா எண்ணினார். விரல் ஓரிடத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு கல்லின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பன்னிரண்டு," என்றார். "சரியாத்தான் இருக்கு."

அம்மா எட்டிப் பார்த்து, "என்னப்பா, அதில பதி..." என்று தொடங்கவே, "பிளேன்ரீ ஆறிப்போச்சு, வேற ஊத்து," என்று அப்பா கோப்பையை நீட்டினார்.

தென்னை மரத்தைச் சுற்றி நான் மூன்று தடவை ஓடினேன்.

அந்த மாதத்தில் இன்னும் இரண்டு மீன்கள் போயின. ஒவ்வொரு முறையும் அப்பா முன்னையதைவிட உரத்த குரலில் "பன்னிரண்டு!" என்றார். செவ்வாய்க்கிழமை தவறாமல் நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். ஆமையும் மீனும் ஒரே குளத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் என்று வகுப்பில் எல்லோருக்கும் சொன்னேன்.

அதன்பின் அப்பா எஞ்சின் சாமான் வாங்கச் சிலாபத்துக்குப் போய் வந்தார். மறுநாள் நான் எண்ணியபோது குளத்தில் உண்மையாகவே பன்னிரண்டு மீன்கள். மூன்று மட்டும் கொஞ்சம் சிறியவை.

"குஞ்சு பொரிச்சிருக்கும்," என்றார் அப்பா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அன்றைக்கே பழைய வலைத் துண்டொன்றைக் குளத்தின் நடுவே இறுக்கிக் கட்டினார். ஆமைக்கு நித்திரை கொள்ளத் தனி அறை வேண்டுமாம். அதற்குப் பிறகு ஒரு பக்கம் ஆமையும் மறுபக்கம் மீன்களுமாக அந்தக் குளம் நெடுநாள் இருந்தது. ஒரு மீனும் குறையவில்லை.

தூரத்தில் கரைக்கு வரும் படகு தண்ணீரில் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தே, அதில் எத்தனை கிலோ மீன் இருக்கும் என்று சொல்லிவிடுவார் அப்பா. கரையில் நிற்கிறவர்கள் அவரிடம் வந்து கேட்பார்கள். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நானும் எத்தனையோ நாள் அங்கே நின்றிருக்கிறேன். அப்படிப்பட்ட மனிதர் சின்னக் குளமொன்றில் ஒன்பது மீனைப் பன்னிரண்டாக எண்ணுவாரா என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பாவம், அப்பாவுக்குக் கணக்கு வராது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.